அடுப்புக்கு நாற்பது நாள் லீவு

முதல்லயே சொல்லிப்போடறனுங்க, நான் வாய்க்காரிதான். எருத்தேன்பதி பக்கம் வந்து யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "செங்கோட்டையன் பொண்டாட்டி மயிலாத்தாளா? அந்த வாய்க்காரியா?"ன்னுதான் சொல்லுவாங்க. ஆனா அன்னிக்கு அந்தச் சாண கேஸ் ஆபீசரை எங்க அடுப்படியில வெச்சு நான் பண்ணுன காரியத்துக்கு வாய்க்கொழுப்பு காரணமில்லீங்க. எம்பட எடது கண்ணுதான் காரணம்.

வலது கண்ணு அதுக்கு முந்தியே போயிருச்சு. பூ விழுந்து, கஞ்சித்தண்ணி ஊத்துன மாதிரி வெள்ளையா இருக்கும். இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்து அப்ப இருபத்தாறு வருசம். ஊட்டுல நாலு பேரு, பண்ணையத்துல எட்டு ஆளு, அன்னாடு மூணு வேளை அடுப்பு. பருத்திமாரும் தென்ன மட்டையும் வெச்சு எரிப்பேன். மழைக்காலம் வந்துட்டா எல்லாமே ஈரம். ஊதாங்குழலை வெச்சு ஊதி ஊதி, கண்ணுல தண்ணி வடிய வடியத்தான் எங்க ஊட்டுல சோறு வெந்திருக்குது. நானென்னமோ புருசன் கொடுமையில அழுவறன்னு பக்கத்துத் தோட்டத்துப் பழனாத்தா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தா. அவரு பாவம், கொடுமை பண்றதுக்கெல்லாம் சாமர்த்தியம் வேணுமில்லீங்க.

எழுபத்தஞ்சாம் வருசம் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனாரு. கண் டாக்டர் லைட் அடிச்சுப் பார்த்துப்போட்டு, "இன்னும் ஒரு வருசம் இந்தப் புகையில நின்னா எடதும் போயிரும். அடுப்பை மாத்துங்க, இல்லாட்டி ஆளை மாத்துங்க"ன்னாரு. ஆளை மாத்தறதுன்னதும் எங்க ஊட்டுக்காரரு மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க. நான் ஒத்தக் கண்ணுல பார்த்த பார்வையில அது அப்பவே அணைஞ்சு போச்சு. டாக்டரு ஒரு சர்டிபிக்கட்டும் எழுதிக் குடுத்தாரு, பார்வை இத்தனைதான்னு. அதை மஞ்சப்பையில மடிச்சு வெச்சுட்டு வந்தோம்.

அந்த ஐப்பசியிலதான் சிசிலி வந்தா. கிராமசேவிகா, ஊரூராப் போற சர்க்கார் உத்தியோகம். கோட்டயம் பக்கத்துப் புள்ள, இருபத்திநாலு வயசிருக்கும், கையில எப்பவும் ஒரு கறுப்புக் குடை. எங்ககூடப் பேசிப் பேசியே தமிழ் கத்துக்கிட்டா, ஆனா அது பாதி மலையாளமாத்தான் வரும். "அக்கா, சாணத்துல இருந்து கேஸ் எடுக்கலாம். புகையே இல்லை. பாதிப் பணம் சர்க்கார் தரும், பாதி பேங்க் லோன்"ன்னா.

புகையே இல்லைன்னதும் நான் அவ கையைப் புடிச்சுக்கிட்டேன். "அம்முணி, எங்க ஒப்புப் போடோணும், சொல்லு"ன்னேன். ஒப்புன்னா எங்க பக்கம் கையெழுத்துங்க.

அவ ஒரு பாரத்தை எடுத்து விரிச்சா. அஞ்சு மாடு இருக்கோணும். இருந்துச்சு. மாடு, சாணக்குழி, அடுப்பு மூணும் கேரளாவுக்குள்ள இருக்கோணும். இங்கதானுங்க கெரகம் புடிச்சுது.

எங்க தோட்டத்துக்கு நடுவாலதான் ரெண்டு ஸ்டேட்டுக்கும் எல்லை போவுது. ஊடு கேரளா. கிணறு தமிழ்நாடு. எல்லைக்கல்லு எங்க கட்டுத்தரைக்கு நடுவால நிக்குது. எங்க மாமனாரு இருந்த வரைக்கும் அதுல மாட்டைத்தான் கட்டுவாரு, வேற எதுக்கும் அந்தக் கல்லு உதவுனதில்லை. மாட்டை இக்கட்ட, கேரளா பக்கம், நகத்திக் கட்டலாமேன்னு கேப்பீங்க. கல்லுக்கும் அடுப்படிச் செவுத்துக்கும் நடுவால இருக்கறதே இருபது அடி, அதுலதான் குழி வெட்டோணும். அதுவுமில்லாம எங்க குலக் கூட்டத்துல மாட்டைக் கெழக்குப் பார்த்துத்தான் கட்டுவாங்க, வெடியால எந்திரிச்சதும் அது சூரியனைப் பார்க்கோணும். கெழக்கே இருக்கறது தமிழ்நாடு. ஆக, மாட்டுத் தலை தமிழ்நாட்டுல, வாலு கேரளாவுல.

பிளாக் ஆபீஸ்ல பாரத்தைப் பார்த்த கேசவன்குட்டி ஆபீசரு, "தலை எங்கயோ மாடு அங்க"ன்னு சொல்லித் திருப்பி உட்டுட்டாரு. சிசிலி உடலை. "சார், கேஸ் வர்றது தலைப்பக்கமிருந்தா?"ன்னு கேட்டிருக்கா. ஆபீசரு மேலிடத்துக்குக் கடுதாசி போட்டாரு. ஒரு வாரம் கழிச்சு, சாணம் எந்த மண்ணுல விழுதோ அந்த மாடு அந்த ஸ்டேட்டுன்னு உத்தரவு வந்துச்சு. அதை ஒரு நாள் பூரா நேர்ல பார்த்து எழுதோணுமாம்.

அன்னிக்கு சிசிலி எங்க கட்டுத்தரையில முக்காலி போட்டு, குடையைப் புடிச்சுக்கிட்டு, மடியில நோட்டு வெச்சுக்கிட்டு உக்காந்தா. "மயிலை, எட்டு மணி பத்து நிமிசம், கேரளா. கறவை, எட்டே முக்கால், கேரளா"ன்னு எழுதிட்டே இருந்தா. நாலு மாடு ஒழுங்கா இருந்துச்சு. செவலைன்னு ஒண்ணு, எம்பட நாத்தனாளை மாதிரியே, சொன்னதுக்கு எதுத்தாப்புலதான் பண்ணும். கவுத்தை இழுத்துத் திரும்பி நின்னுக்கிட்டு மூணு தடவை தமிழ்நாட்டுல போட்டுருச்சு. சிசிலி பேனாவை வாயில வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. நாலு மாடுன்னா கேஸ் இல்லை. நான் ஓடிப்போய் ஒரு கூடை பருத்திக்கொட்டையை ஊற வெச்சுக் கொண்டாந்து கெழக்கால தொட்டியில கொட்டுனேன். செவலை லபக்குன்னு திரும்புச்சு. ரெண்டரை மணிக்குக் கேரளாவுல போட்டுச்சு. சிசிலியும் நானும் கட்டிப் புடிச்சுக்காத குறைதான்.

அத்தோட முடிஞ்சுதா? அக்கட்டால தமிழ்நாட்டு மணியக்காரரு நல்லதம்பி வந்து நின்னாரு. எங்க ஊட்டுக்காரருக்குப் பங்காளி முறை. "தீவனம் எங்க கிராமத்துல திங்குது, அந்த அஞ்சு மாடும் எங்க கணக்குல இருக்குது, சாணத்தை மட்டும் நீங்க கொண்டு போறதா?"ன்னாரு. ரெண்டு நாள் சுத்திச் சுத்தி வந்தாரு. கடைசியில ஒரு கோழி அடிச்சுக் குழம்பு வெச்சுப் போட்டதுக்கப்பறம், 'மேற்படி மாடுகள் எல்லைக்கு மேற்கே போடும் சாணத்தின் மேல் இக்கிராமத்துக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை'ன்னு எழுதி, முத்திரை வெச்சுக் குடுத்தாரு. அந்தக் காயிதம் இன்னமும் எங்க பெட்டியில கெடக்குது. எங்க கல்யாணத்துக்குக் கூட அப்படியொரு அத்தாட்சி இல்லீங்க.

தை மாசம் குழி வெட்டுனோம். கிணறு மாதிரி வட்டமா, செங்கல் கட்டி. அதுக்கு மேல கவுத்து வெக்கறதுக்கு இரும்பு டிரம் பொள்ளாச்சியில இருந்து வண்டியில வந்துச்சு. அப்பவெல்லாம் அரிசி கடத்தறாங்கன்னு செக்போஸ்ட்டுல ஒரே கெடுபுடி. டிரம்முக்குள்ள அரிசி இருக்குதான்னு பார்க்க ஒரு போலீஸ்காரரு உள்ள எறங்கி, ஏற முடியாம, அவரோடவே டிரம்மை எங்க ஊடு வரைக்கும் கொண்டாந்து, சாய்ச்சுக் கொட்டுனாங்க. மனுசன் எந்திரிச்சு ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடிச்சுப்போட்டு நடந்தே போனாரு.

சாணத்தையும் தண்ணியையும் கரைச்சு ஊத்தி, நாப்பது நாள் காத்திருந்தோம். உள்ள கேஸு சேரச் சேர டிரம் தானா மேல எழும்பும்னு சிசிலி சொல்லியிருந்தா. நான் தெனமும் வெடியால எந்திரிச்சதும் டிரம்மைத்தான் பார்ப்பேன். பங்குனி பொறந்து ஒரு வாரத்துல அது ஒரு முழம் எழும்பி நின்னுச்சுங்க. அன்னிக்குப் பொழுதோட, சாமி கும்புட்டு, அடுப்படியில புது அடுப்பைத் திருகித் தீக்குச்சியைக் கிழிச்சேன். பொப்புன்னு புடிச்சுது. நீலமா, சுத்தி வட்டமா, ஒரு துளி புகையில்லாம. ஒரு சொம்பு காப்பி வெச்சேன். வெச்சு எறக்கற வரைக்கும் என் கண்ணுல தண்ணி வரலை. அதை நம்ப முடியாம முந்தானையால கண்ணைத் தொடைச்சுத் தொடைச்சுப் பார்த்தேன்.

இனிமே என்னன்னு கேப்பீங்க. இனிமேத்தான் எங்க ஊட்டுக்காரரு புத்தியைக் காட்டுனாரு.

அடுத்த நாளே ஆபீஸ் பியூன் ஒரு துண்டுக் காயிதத்தோட வந்தாரு. மார்ச் முப்பத்தொண்ணாந்தேதி ஆபீசரு போட்டோக்காரரோட வர்றாரு, இடம் சுத்தமா இருக்கோணும், ஆபீசருக்குச் சாண நாத்தம் ஆகாது, அப்படின்னு. நாத்தம் ஆகாதவருக்கு எதுக்குங்க சாண கேஸ் உத்தியோகம்? நான் கேட்டேன். எங்க ஊட்டுக்காரரு கேக்கலை. ஊட்டுக்கு எந்த ஆபீசரு வந்தாலும் வாசல்ல பினாயில் தெளிக்கறது அவரு வழக்கம். தாசில்தாருக்கு ஒரு பாட்டில், போலீஸுக்கு அரை பாட்டில்னு ஒரு கணக்கே வெச்சிருந்தாரு. கொழிஞ்சாம்பாறைக்கு சைக்கிள்ல போயி எட்டு பாட்டில் பினாயில் வாங்கிட்டு வந்து, அத்தனையும் குழிக்குள்ளயே ஊத்திப்போட்டாரு.

"ஏனுங்க, அதுக்குள்ள ஊத்தலாமுங்களா?"ன்னு அலறுனேன்.

"நாத்தத்துக்கு வேரு அங்கதானே புள்ள இருக்குது, வாசல்ல தெளிச்சு என்ன பிரயோசனம்?"ன்னாரு. அந்த மொகத்துல அப்படியொரு பெருமை.

ஏற்கனவே சேர்ந்திருந்த கேஸைப் பார்க்க வந்த ஒறம்பரைக எரிச்சே தீர்த்துப்போட்டாங்க. பழனாத்தா வந்தா, அவ மருமக வந்தா, மணியக்காரரு குடும்பத்தோட வந்தாரு. ஆளாளுக்குப் பத்த வெச்சுப் பார்த்து, ஆளாளுக்கு ஒரு காப்பி. டிரம் எறங்க ஆரம்பிச்சுது. மறுபடி எழும்பும்னு பார்த்தேன். எழும்பலை. பினாயில் ஊத்துன குழியில எதுங்க எழும்பும்? முப்பதாந்தேதி டிரம் அடியில போய்க் குந்திக்கிச்சு. புது அடுப்பைத் திருகுனா, ஒரு மூச்சுக்கூட வரலை. குழி மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி கமகமன்னு இருந்துச்சு. சிசிலிக்கு ஆள் உட்டேன். அவ வந்து மோந்து பார்த்துப்போட்டு அப்படியே உக்காந்துட்டா. "அக்கா, சாணம் புளிச்சாத்தான் கேஸ் வரும். இது செத்துப் போச்சு. எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிட்டுப் புதுசா ஊத்தணும், நாப்பது நாள் ஆகும்"னா. "நாளைக்கு ஆபீசருகிட்ட உள்ளதைச் சொல்லிடலாம்"ன்னேன். அவ தலையைத் தலையை ஆட்டிக்கிட்டே குடையை எடுத்துட்டுக் கெளம்புனா.

மத்த நாள் உச்சி வெயில்ல ஜீப்பு வந்துச்சு. கேசவன்குட்டி ஆபீசரு, போட்டோக்காரரு, சிசிலி. ஆபீசரு நல்ல மனுசன் மாதிரித்தான் இருந்தாரு, ஆனா வேர்த்துக் கொட்டுச்சு. எமர்ஜென்சி காலமுங்க அது. வருசத்துக்குப் பன்னெண்டு அடுப்பு எரிய வெக்கோணும்னு அவருக்கு உத்தரவு. எங்குளுது பன்னெண்டாவது. அன்னிக்கோட வருசக் கணக்கு முடியுது. மணி பன்னெண்டரை.

வந்தவரு குழியைப் பார்க்கலை, டிரம்மைப் பார்க்கலை. நேரா அடுப்படிக்கு வந்து, ஊற வெச்ச அரிசிப் போசியைத் தூக்கி அடுப்பு மேல வெக்கச் சொல்லி, தீக்குச்சியைக் கிழிச்சு அடியில காட்டுனாரு. குச்சி எரிஞ்சு அணைஞ்சுது. "கத்துந்நுண்டு"ன்னாரு. எரியுதுங்கறதுக்கு அவங்க பேச்சு அது. போட்டோக்காரரு பளிச்சுன்னு ஒரு போட்டோ புடிச்சாரு.

"எரியலீங்க சார்"ன்னேன்.

"பகல் வெளிச்சத்துல நீல நெருப்பு கண்ணுல படாது அம்மா."

"படாதது இருக்கட்டும், சுடோணுமில்லீங்க?"ன்னு கையைப் போசிக்கு அடியில உட்டுக் காட்டுனேன். ஜில்லுன்னு இருந்துச்சு.

ஆபீசரு காயிதக் கட்டைப் பிரிச்சு, ஒரு காயிதத்தை எடுத்துக் காட்டுனாரு. பார்த்தா, எம்பட கண் டாக்டர் சர்டிபிக்கட்! கேஸு சீக்கிரம் கெடைக்கட்டும்னு பாரத்தோட நாங்களே வெச்சுக் குடுத்தது. "ஒரு கண்ணு இல்லை, ஒரு கண்ணு பாதி. டாக்டர் எழுதியிருக்காரு. நெருப்பு தெரியலைன்னா அது அடுப்போட குத்தமில்லை"ன்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல ஊதாங்குழலைத் தேடுனேன். எங்க ஊட்டுக்காரரு அதை எடுத்து முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு, "ஆமாங்க சார், எரியுதுங்க சார்"னாரு. சிசிலி தரையைப் பார்த்துக்கிட்டு நின்னா.

ஆபீசரு பாரத்தோட மூணு காப்பியில ஒப்புப் போட்டாரு. போட்டுக்கிட்டே சொன்னாரு: நாளையில இருந்து எங்க ரேஷன் கார்டுல சீமெண்ணெய் கெடையாது, கேஸு இருக்கறதால. ஒரு வருசத்துக்குக் குழியைத் தொறக்கக்கூடாது, தொறந்தா சர்க்கார் பணம் திரும்பிப் போயிரும். எரியற அடுப்பை யாரும் ரிப்பேர் பண்ண வரமாட்டாங்க.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. ஒரு வருசம் நான் பழைய அடுப்புல நிக்கோணும். டாக்டர் சொன்னதும் அதே ஒரு வருசந்தான். எம்பட எடது கண்ணுக்கு அந்த மனுசன் மூணு காப்பியில ஒப்புப் போட்டுட்டாருங்க. பயந்தே போயிட்டேன். வாய்க்காரிக்கு வாயடைச்சுப் போச்சு.

பாரத்துல கடைசியா ஒரு வரி இருந்துச்சு. சிசிலி மெதுவாப் படிச்சா. 'இந்த அடுப்பில் சமைத்த உணவை நான் உண்டு பார்த்தேன்.' ஆபீசரு அதுக்கு நேராவும் ஒரு ஒப்பைப் போட்டு, பேனாவை மூடி, "போகலாம்"ன்னாரு.

"போறதாவது!"ன்னேன். வாய் திரும்ப வந்துருச்சு. "சாப்பிட்டேன்னு எழுதிப்போட்டு சாப்பிடாமப் போனா எங்க ஊட்டுக்கல்ல பாவம். உக்காருங்க சார்."

அடுப்படியிலயே தடுக்குப் போட்டு உக்கார வெச்சேன். வாழை இலை போட்டு, தண்ணி தெளிச்சு, போசியில இருந்த ஊறுன அரிசியைத் தண்ணியை வடிச்சு, ரெண்டு கரண்டி நெறைய வெச்சேன். மேல பச்சைப் புளித்தண்ணி. ஓரமா அரிஞ்ச கத்திரிக்காய், அப்படியே பச்சையா.

ஆபீசரு இலையைப் பார்த்தாரு. என்னையப் பார்த்தாரு. போட்டோக்காரரு எனக்குப் பசியில்லைன்னு சொல்லிப்போட்டு ஜீப்புக்கு ஓடிட்டாரு.

"அம்மா, இது அரிசி."

"சோறுங்க சார். எரியற அடுப்புல இத்தனை நேரமா வெச்சிருந்தது. எனக்குத்தான் கண்ணு தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல?"

அரிசின்னு சொன்னா அடுப்பு எரியலை. அடுப்பு எரியலைன்னா பன்னெண்டு இல்லை, பதினொண்ணு. அந்த மனுசன் பாவம், கையைக் கழுவி, ஒரு வாய் அள்ளிப் போட்டாருங்க. கறுக் கறுக்குன்னு மென்னாரு. அந்தச் சத்தம் கட்டுத்தரை வரைக்கும் கேட்டுச்சு. முழுங்கிப்போட்டு, "நல்லா வெந்திட்டுண்டு"ன்னாரு. எங்க ஊட்டுக்காரரு வாசப்படியில நின்னு, "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா சார்?"ன்னு கேக்கறாரு. அவரு நெசமாத்தான் கேட்டாரு, அதுதான் கொடுமை.

முழு இலையையும் தின்னுட்டாருன்னா நான் தோத்தேன். அதனால சொன்னேன், "சார், பகல் வெளிச்சத்துலதானே நெருப்பு தெரியாது? இருட்டுப் பண்ணிக் காட்டறனுங்க." எங்க ஊட்டுக்காரரை வெளிய தள்ளி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சன்னலையும் அடைச்சேன். அடுப்படி கும்மிருட்டு. புது அடுப்புல நீலமும் இல்லை, பச்சையும் இல்லை.

"தெரியுதுங்களா சார்?"

இருட்டுக்குள்ள இருந்து, "தெரியுது"ன்னு ஒரு சத்தம்.

எனக்கு வேற வழி இல்லீங்க. பழைய அடுப்புல வெடியால எரிச்ச தணல் இருந்துச்சு. மூலையில தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நனைஞ்ச தென்ன மட்டை நாலு கெடந்துச்சு. நாலையும் எடுத்துத் தணல் மேல வெச்சேன்.

எங்க அடுப்படிப் புகையைப் பத்தி உங்களுக்குச் சொல்லி வெளங்காது. ரெண்டு நிமிசத்துல ஆளை ஆளு தெரியலை. ஆபீசரு இருமுனாரு. சிசிலி இருமுனா. எனக்கும் எடது கண்ணு மொளகாய் வெச்ச மாதிரி எரிஞ்சுதுங்க. இருக்கறதே அது ஒண்ணு, அதையும் பந்தயம் வெச்சுத்தான் நின்னேன்.

"புகை! கதவு தொறங்க அம்மா!"

"புகையா? கேஸ் ஊட்டுல ஏதுங்க சார் புகை? புகையே இல்லைன்னு இப்பத்தானே ஒப்புப் போட்டீங்க?"

வெளிய எங்க ஊட்டுக்காரரு கதவைத் தட்டறாரு. "மயிலா! உள்ள ஆபீசரு இருக்காரு புள்ள!"

"தெரியுமுங்க!"ன்னேன்.

ஆபீசரு தரையோட தரையாப் படுத்துக்கிட்டாரு. "எழுதுனதை அடிச்சா என் வேலை போயிரும் அம்மா. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு"ன்னு அழுவறாரு. அழுகையா புகையான்னு தெரியலை. எனக்குப் பாவமா இருந்துச்சு. ஆனா இருபத்தாறு வருசம் இதே புகையில நான் நின்னேனே, எனக்குப் பாவம் பார்த்தது யாருங்க? "எனக்கு இருக்கறது ஒரே கண்ணு சார்"ன்னேன்.

அப்பத்தான் சிசிலி பேசுனா. அது வரைக்கும் தரையைப் பார்த்துட்டே இருந்தவ, இருமிக்கிட்டே, "சார், அடுப்பு எரியலைன்னு எழுத வேண்டாம். எரியற அடுப்புதான். இன்னிக்கு லீவு"ன்னா.

தரையில படுத்திருந்தவரு எந்திரிச்சு உக்கார்ற சத்தம் கேட்டுச்சு.

"லீவா?"ன்னாரு ஆபீசரு. அந்த இருட்டுலயும் குரல்ல ஒரு உசுரு வந்துச்சுங்க. லீவுன்னா சர்க்கார்காரங்களுக்கு வெளங்காததில்லையே. "எந்த லீவு? கேஷுவல் லீவுன்னா மூணு நாளைக்கு மேல ஆகாது."

"மெடிக்கல் லீவு சார். நாப்பது நாள்."

"மெடிக்கல் சர்டிபிக்கட் வேணும்."

"பாரத்தோட இருக்கு சார்"ன்னா சிசிலி. எம்பட கண் சர்டிபிக்கட்டுதான்!

நான் கதவைத் தொறந்தேன். மூணு பேரும் வாசல்ல வந்து உழுந்தோம். கண்ணெல்லாம் செவந்து, மூக்கு ஒழுக, ஆபீசரு காயிதக் கட்டை மடியில வெச்சுக்கிட்டாரு. பேனாவைப் புடிச்சாரு, காயிதம் தெரியலை. சிசிலிதான் அவரு கையைப் புடிச்சு வரியைக் காட்டுனா. அவரு எழுதுனது இது: 'அடுப்பு நல்ல முறையில் எரிகிறது. உடல்நிலை காரணமாக இன்று முதல் நாற்பது நாட்கள் விடுப்பில் உள்ளது. மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது. விடுப்புக் காலத்தில் குழியைத் திறந்து சிகிச்சை செய்யலாம்.' சீமெண்ணெயைப் பத்தி நான் ஞாபகப்படுத்துனேன். அடுப்பு வேலைக்குத் திரும்பற வரைக்கும் கார்டுல குடுக்கலாம்னு அதையும் எழுதுனாரு. எழுதி முடிச்சுப்போட்டு, பேனாவை மூடிக்கிட்டே என்னையப் பார்த்தாரு. "அன்னாடு இப்படியா அம்மா?"ன்னாரு.

"அன்னாடு மூணு வேளைங்க"ன்னேன்.

அவரு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சாரு. இலையில மிச்சமிருந்த அரிசியை மாட்டுக்குப் போடச் சொல்லிப்போட்டு ஜீப்புல ஏறிட்டாரு.

குழியை எறைச்சுக் கொட்டறதுக்கு எட்டு நாள் ஆச்சு. எங்க ஊட்டுக்காரரையே எறக்கி உட்டு அள்ள வெச்சேன், பினாயில் ஊத்துன கை அதுதானே. கழுவிப் புதுச் சாணம் கரைச்சு ஊத்துனோம். நாப்பது நாளும் சோத்தைத் தொறந்த வெளியில, வேப்ப மரத்தடியில கல்லைக் கூட்டி ஆக்குனேன், காத்துல புகை அக்கட்டால போயிரும்னு. சிசிலி வாரம் ஒருக்கா வந்து டிரம்மைத் தொட்டுப் பார்த்துட்டுப் போவா. ஆபீசுக்கு 'நோயாளி தேறி வருகிறது'ன்னு எழுதிப் போட்டதாச் சொல்லிச் சிரிச்சா.

சித்திரை வெயிலுக்குச் சாணம் சீக்கிரமே புளிச்சு, மாசக் கடைசியில டிரம் ஒரு முழம் எழும்புச்சு. நாப்பதாம் நாள், கணக்கா, அடுப்பு வேலைக்குத் திரும்புச்சுங்க. அடுப்படிக் கதவைச் சாத்திப்போட்டு, ஒரு போசிப் பாலை வெச்சுத் தீக்குச்சியைக் கிழிச்சேன். பொப்புன்னு நீலமா நின்னுச்சு. கிட்டக்கப் போயி, மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு பார்த்தேன். இத்தனை வருசத்துல ஒரு அடுப்புக்கு அத்தனை கிட்டக்க நான் மூஞ்சியைக் கொண்டு போனதில்லை. பால் நுரைச்சுப் பொங்கி வழியுது, எடுக்கத் தோணலை. எடது கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி ஊத்துது.

எங்க ஊட்டுக்காரரு கதவைத் தொறந்து பார்த்துப் பதறிப் போயிட்டாரு. "என்ன புள்ள, புகையா? நான் எதாச்சும் ஊத்தட்டுமா?"

"சாமி, நீங்க ஒண்ணும் ஊத்தாதீங்க"ன்னேன். "புகையில்லீங்க. சும்மா அழுவறேன்."

அவரு வாசப்படியிலயே நின்னாரு. இருபத்தாறு வருசமா நான் அழுதது பூரா புகைன்னு நெனச்சுக்கிட்டிருந்த மனுசன். புகை இல்லாம நான் அழுது அவரு பார்த்ததில்லை. என்ன பண்றதுன்னு தெரியாம, ஊதாங்குழலைக் கையில எடுத்து, அப்பறம் அதையும் கீழ வெச்சுப்போட்டு, பக்கத்துல வந்து உக்காந்தாரு.